கூடைமலையை இழுத்து வந்த லென்ஸ்

சிவந்தாம்பாளையத்துக்குக் கூடைமலை வந்து சேர்ந்தது ஆவணி மாதத்தில் ஒரு விடிகாலை. அது வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வெயில் வரவில்லை என்பதைத்தான் ஊர் முதலில் கவனித்தது. ஜவ்வரிசி மில்லின் களத்தில் ஈர ஜவ்வரிசியைப் பரப்பிவிட்டுக் காத்திருந்த பெண்கள், மேகமும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் இதென்ன விடியல் என்று கிழக்கே திரும்பினார்கள். வானத்தின் ஓரத்தில் கவிழ்த்து வைத்த கூடையைப் போல எப்போதும் நீலமாக, சின்னதாகத் தெரிகிற மலை, மாட்டுச்சந்தை கூடுகிற பொறம்போக்கு நிலத்தில், பாறையும் புதரும் படிக்கட்டும் உச்சியில் முருகன் கோயிலுமாக உட்கார்ந்திருந்தது. "மலை வந்திருக்குது" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். பிறகு ஜவ்வரிசியை அள்ளிக்கொண்டு நிழல் விழாத மேற்குக் களத்துக்குப் போனார்கள். மலை வந்தாலும் வராவிட்டாலும் ஈர ஜவ்வரிசி புளித்துப்போகும்.

மலையைக் கொண்டுவந்தவர் போட்டோகிராபர் தெய்வசிகாமணி. வேண்டுமென்று செய்ததில்லை. கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த அவர் சுற்றுவட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை என்று எல்லாவற்றையும் எடுக்கிறவர். சொந்த மீசையைச் சரியாக வெட்டத் தெரியாவிட்டாலும் லென்ஸில் ஒரு தூசி இருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுகிறவர். மற்ற வீடுகளில் பட்டுப்புடவை வைக்கிற கண்ணாடி பீரோவில் அவர் லென்ஸ்களை வரிசையாக வைத்து, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பார். கண் பார்க்கிற அளவுக்கே பார்க்கிற ஐம்பது எம்.எம். லென்ஸை வீட்டு லென்ஸ் என்பார். கல்யாண மண்டபத்தை ஒரே படத்தில் அடக்குகிற அகல லென்ஸை சம்பந்தி லென்ஸ் என்பார், ஏனென்றால் இரண்டு பக்கத்து உறவும் விட்டுப்போகாமல் அதில்தான் விழும். ஜன்னல் அளவுக்குத் துணிப்பெட்டி மாட்டிய ஃபிளாஷ் விளக்குகளும், உள்பக்கம் வெள்ளி பூசிய குடைகளும் மூலையில் நிற்கும். மழை பெய்தால்கூட அந்தக் குடைகளை யாரும் எடுக்கக்கூடாது. பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களை அவர் மனைவி மரகதம் பார்த்துக்கொள்வாள். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க என்று மரகதம் சொன்னால் போலீஸ்காரர்கூட இறக்குவார்.

எழுபதிலிருந்து இருநூறு வரைக்கும் நீளுகிற புது ஜூம் லென்ஸ் ஒன்றை முந்தின நாள்தான் கோயம்புத்தூரில், எல்லோரும் வாங்குகிற கடையில், எல்லோரும் வாங்குகிற மாதிரி வாங்கி வந்திருந்தார். அந்த லென்ஸில் ஒரு விசேஷமும் இல்லை. விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய், கேமராவில் மாட்டி, கிழக்கே மலையைப் பார்த்து வளையத்தைத் திருப்பினார். திருப்பத் திருப்ப மலை பக்கத்தில் வந்தது. அது வரத்தான் செய்யும், அதற்குத்தான் அந்த லென்ஸ். ஒரு படம் எடுத்தார். கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார். மலை திரும்பிப் போகவில்லை. லென்ஸைக் கழற்றி மூடி போட்டுப் பைக்குள் வைத்தார். அப்போதும் போகவில்லை.

மலையின் அடியில் நீலச் சுண்ணாம்பு அடித்த ஓட்டுவீடு ஒன்று இருந்தது. படத்துக்குள் விழுந்தது எதுவோ அதெல்லாம் வந்திருந்தது, வீடும் வந்திருந்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றோடு நிமிர்ந்து, எதிரே புதிதாக முளைத்திருந்த ஊரையும், அதன் முதல் தெருவில் மொட்டைமாடியில் நின்ற மனிதரையும் பார்த்தாள். பிறகு குனிந்து மிச்ச வாசலையும் கூட்டினாள். அவள் கோகிலவாணி. தெய்வசிகாமணியின் கூடப்பிறந்த தங்கை.

கோகிலவாணி சாதி மாறி, மலையடிப்பட்டி மாதேஸ்வரனைக் கட்டிக்கொண்டு போனவள். மாதேஸ்வரன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போகிறவன், வருஷத்தில் பாதி நாள் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். அந்தக் கல்யாணத்துக்கு அவள் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அதன்பிறகு அப்பா இறந்தபோது அவள் வந்தாள், தெருமுனை வரைக்கும் வந்தாள். உள்ளே வா என்று சொல்ல வேண்டியவர் தெய்வசிகாமணி. அவர் சாமியானா பந்தலின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கட்ட வேண்டியதில்லாத அந்தக் கயிற்றை அவர் கட்டி முடித்துத் திரும்பியபோது தெருமுனையில் யாரும் இல்லை. அன்றிலிருந்து இவர் போகவில்லை, அவள் வரவில்லை. இப்போது நடுவில் ஒரு தார்ச்சாலை மட்டும் இருந்தது.

ஊர் மலையை ஏற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. சூரியன் தாமதமாக வந்ததால் பள்ளிக்கூட மணியைத் தள்ளிவைத்தார்கள். மாட்டுச்சந்தை பழைய சினிமாக் கொட்டகை மைதானத்துக்கு மாறியது, மாடுகளுக்கும் தரகர்களுக்கும் அதில் வருத்தமில்லை. மலையோடு வந்த குரங்குகள் இரண்டு நாள் கோயிலிலேயே உட்கார்ந்து யோசித்துவிட்டு மூன்றாம் நாள் கடைவீதிக்கு இறங்கின. மலையோடு வந்த கோயில் பண்டாரம் மாலையில் வந்து பூக்கடை எங்கே, எண்ணெய்க்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார். டீக்கடை காளியப்பன் அடிவாரத்தில் இன்னொரு தள்ளுவண்டி போட்டார். கிருத்திகைக்குப் பெண்கள் படியேறினார்கள். மலை ஏறி இறங்கினால் சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டு ஆண்களும் ஏறினார்கள். ஐப்பசி பிறந்ததும், முன்பெல்லாம் தூரத்திலேயே பெய்துவிட்டுப் போகிற மழை மலையில் முட்டி நின்று சிவந்தாம்பாளையத்தின் மேல் பெய்தது. கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்தது. அதற்குள் எல்லோரும் அதை நம்ம மலை என்று சொல்லப் பழகியிருந்தார்கள். எங்கிருந்தோ வந்த உறவினர் ஒருவர், இந்த மலை முன்னாடி இங்க இல்லையே என்று கேட்டபோது, நீங்க வந்து ரொம்ப நாளாச்சு என்று பதில் சொன்னார்கள்.

மலையைத் தெய்வசிகாமணிதான் எடுத்தார் என்பது தெரிந்தும் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரு விவசாயி மட்டும் வந்து, காவேரியை இப்படி ஒரு படம் எடுக்க முடியுமா என்று விசாரித்தார். காவேரி இங்கிருந்து தெரியாதே என்று தெய்வசிகாமணி சொன்னார். அது சரிதான் என்று அவரும் போய்விட்டார்.

கோகிலவாணியின் வீடு வந்திருந்ததே தவிர அதன் குடிநீர்க் குழாய் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே அவள் காலையில் குடங்களோடு சாலையைத் தாண்டி, ஸ்டுடியோ வாசலில் இருந்த தெருக்குழாயில் வரிசையில் நின்றாள். முதல் நாள் மற்றப் பெண்கள் விலகி வழிவிட்டார்கள், அது மரியாதையா வேறேதாவதா என்று தெரியவில்லை. மரகதம் வெளியே வந்து கோகிலவாணியின் குடத்தை வாங்கித் தானே குழாயடியில் வைத்தாள். மறுநாளிலிருந்து யாரும் விலகவில்லை, எல்லோரையும்போல அவளோடும் முண்டினார்கள். மரகதத்துக்கும் அவளுக்கும் கருவேப்பிலையும் தயிரும் போய்வரத் தொடங்கியது. தெய்வசிகாமணி உள்ளே உட்கார்ந்து லென்ஸ்களைத் துடைத்தார். துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைத்தார். குழாயடியில் அவள் குரல் கேட்கிற நேரம் முழுக்க அவருக்குத் துடைக்க ஏதாவது இருந்தது.

மாதேஸ்வரன் வேலை முடிந்து வடக்கேயிருந்து வந்தான். மலையடிப்பட்டியில் இறங்கிப் பார்த்தால் மலையும் இல்லை, வீடும் இல்லை. நெல்குதிர் நகர்ந்த இடத்தில் தெரிகிற தரையைப் போல வெளிறிய ஒரு பெரிய வட்டம் மட்டும் இருந்தது. மலை சிவந்தாம்பாளையத்துக்குப் போயிருச்சு, உங்க ஊடும் கூடவே போயிருச்சு என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். அவன் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, கதவைத் தட்டி, பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவனுக்கு ஒரே ஒரு சங்கடம்தான் இருந்தது. வாசலில் உட்கார்ந்தால் மச்சானுடைய ஸ்டுடியோ நேர் எதிரே தெரிந்தது. அதனால் நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

ஒரு காலை, குழாயடியில் கூட்டம் கலைந்த பிறகு, கோகிலவாணி குடத்தை வெளியே வைத்துவிட்டு ஸ்டுடியோவுக்குள் வந்தாள். தெய்வசிகாமணி எழுந்தார், பிறகு உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. பீரோவுக்குள் எரிகிற பல்பையும் லென்ஸ் வரிசையையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க மலையப் பாத்து எடுத்தீங்களா, எங்க ஊட்டப் பாத்து எடுத்தீங்களா?"

அவர் மலையை என்றார். அவள் வெளியே வந்து குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு மரகதம் உள்ளறையிலிருந்து வந்து அவருக்கு எதிரே, பாஸ்போர்ட் படத்துக்கு ஆட்களை உட்காரவைக்கிற முக்காலியில் உட்கார்ந்தாள். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டீங்களா என்றாள். எந்த லென்ஸ் வாங்கினாலும் முதலில் அவர் மொட்டைமாடிக்குப் போவதும், கிழக்கே மட்டும் பார்ப்பதும், இறங்கி வரும்போது முகம் போகிற போக்கும் அவளுக்கு எப்போதோ தெரியும். ஐம்பதில் அந்த வீடு தெரியாது. எண்பத்தைந்தில் மலை தெரியும், வீடு தெரியாது. நூற்று முப்பத்தைந்தில் நீலமாக ஒரு புள்ளி தெரியும். இருநூறில் கதவு திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்று அவர் நினைத்திருப்பார். ஊரில் எல்லோரும் அவருக்குக் கேமராப் பைத்தியம் என்று சொன்னபோது அவள் மறுத்ததில்லை, ஏனென்றால் உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அன்று அதற்குமேல் தெய்வசிகாமணி லென்ஸ் துடைக்கவில்லை.

இதற்கிடையில் சம்பந்தி லென்ஸும் தன் வேலையைக் காட்டியது. ஒரு முகூர்த்தத்தில் மண்டபம் முழுவதும் தெரிகிற மாதிரி அந்த அகல லென்ஸில் ஒரு படம் எடுத்தார். அகல லென்ஸில் எல்லாம் தள்ளித் தெரிவது இயல்பு. படம் எடுத்த பிறகும் மணமேடை தள்ளியே நின்றது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு எங்கோ ஒரு மூலையில் பொட்டுப்போலத் தெரிந்தார்கள். மொய் வைக்கப் போனவர்கள் கழற்றிவிட்ட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள், வயதானவர்கள் நடுவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் குடித்தார்கள். வாசிப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் இருந்ததால் மேளச் சத்தம் தாமதமாக வந்தது. சாப்பாடு நன்றாக இருந்ததால் குறை சொன்னவர்கள் குறைவு. ஃபிளாஷ் விளக்குகளும் குடைகளும் மட்டும் ஒரு வம்புக்கும் போகாமல் வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து தெய்வசிகாமணி எல்லாவற்றையும் வீட்டு லென்ஸிலேயே எடுத்தார். அது இருப்பதை இருக்கிற இடத்தில் விட்டுவைத்தது.

கார்த்திகையில் மலையடிப்பட்டிக்காரர்கள் டெம்போவில் வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. முன்னால் இறங்கியவர் அவர்களுடைய ஊராட்சித் தலைவர் சுலோச்சனா. வந்த வேகத்தில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார், பிறகுதான் மனிதர்களைப் பார்த்தார். ஊர்க்கூட்டத்தில் அவர் நின்றபடியே சொன்னார். மலை இல்லாததால் காற்று தடுப்பில்லாமல் அடித்து ஓடுகள் பறக்கின்றன. மலைக்கு மேற்கே, மலைக்குத் தெற்கே என்று காடு தோட்டங்களுக்கு வழி சொல்லிப் பழகியவர்கள் சொந்தத் தோட்டத்துக்குப் போகத் தடுமாறுகிறார்கள். இதெல்லாம் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஏரி நிறையவில்லை. அந்த ஏரிக்குத் தண்ணீர் மலைச்சரிவிலிருந்துதான் இறங்க வேண்டும். நெல் நாற்று கருகிவிட்டது, மாடுகளை விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

சிவந்தாம்பாளையத்துக்காரர்கள் மலையை நாங்கள் திருடவில்லை என்றார்கள். அது தானாக வந்தது, வந்ததைப் போகச் சொல்வது மரியாதை இல்லை என்றார்கள். எங்கள் கிணறுகளில் இப்போதுதான் தண்ணீர் என்றும் ஒருவர் சொன்னார், அதை அவர் தலைகுனிந்துதான் சொன்னார். சுலோச்சனா அவர்களோடு பேசவில்லை. கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணியைத் தேடிப் பார்த்தார்.

"கொண்டாந்தது நீங்க. கொண்டுபோய் உடோணும்னா நீங்கதான் உடோணும்."

அனுப்ப முடியும் என்று தெய்வசிகாமணி ஒத்துக்கொண்டார். சம்பந்தி லென்ஸால் பார்த்தால் மலை போய்விடும். ஆனால் படத்துக்குள் என்னென்ன விழுகிறதோ அத்தனையும் கூடப் போகும் என்றார். போகட்டும், எல்லோரும் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறோம் என்று ஊரும் கடைசியில் ஒத்துக்கொண்டது. மாடு விற்கிற கதையைக் கேட்ட பிறகு மறுக்க அவர்களுக்கு வாய் வரவில்லை. ஆனால் நாள் குறிக்கச் சொன்னபோது தெய்வசிகாமணி வெளிச்சம் சரியில்லை என்றார். அடுத்த நாள் மேகம் என்றார். அதற்கடுத்த நாள் கேமராவின் பேட்டரி ஏறவில்லை என்றார். சுலோச்சனா ஒவ்வொரு முறையும் சரிங்க என்று கேட்டுக்கொண்டு போனார்.

இரண்டாவது முறை கோகிலவாணி ஸ்டுடியோவுக்கு வந்தபோது குடம் கொண்டுவரவில்லை. முக்காலியில் உட்கார்ந்தாள்.

"பேட்டரிக்கு ஒண்ணும் இல்லீன்னு அண்ணி சொன்னாங்க."

அவர் பீரோவைப் பார்த்துக்கொண்டு, மலை போனா ஊடும் போயிருமே என்றார். வேண்டுமானால் அவள் இங்கேயே இருக்கட்டும், ஊருக்குள் ஒரு வீடு பார்க்கலாம், மாதேஸ்வரன் சம்மதிப்பான் என்றும் சொன்னார். அவள் இல்லை என்றாள். ஊடு எங்க போகுதோ அங்கதான் நானும் போவேன் என்றாள். அங்கே ஊர் காய்ந்து கிடக்கும்போது இங்கே குழாயடியில் நின்று தண்ணீர் பிடிக்க அவளுக்குக் கூசியது.

"ரொம்பத் தூரம் போயிருவன்னு நெனக்கறீங்களா? அங்கிருந்து இங்க பஸ் ஓடுது. எப்பவும் ஓடிட்டுத்தான் இருந்துது."

தெய்வசிகாமணி பீரோவிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். பிறகு, உங்க ஊட்டப் பாத்துத்தான் எடுத்தேன் என்றார். தெரியும் என்றாள் அவள். அப்பா செத்த அன்னைக்கு நான் உன்னயப் பாத்தேன் என்றார். அதுவும் தெரியும் என்றாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து புடவையை உதறிக்கொண்டு, நாளைக்கு வெளிச்சம் நல்லாத்தான் இருக்கும், அனுப்பி உடுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அடிவாரத்துக்கு எதிரே தார்ச்சாலையில் ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவை மாட்டினார். எதிரே மலை. பின்னால் ஊர் மொத்தமும் கூடி நின்றது, கைக்குழந்தைகளைக்கூட இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். குரங்குகள் வாழைப்பழம் காட்டி மலைக்குத் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. கடைவீதியைப் பிரிய மனமில்லாத இரண்டு குரங்குகள் மட்டும் கூட்டத்தோடு கேமராவுக்குப் பின்னால் நின்றன. பண்டாரம் கோயில் வாசலில் விபூதித் தட்டோடு நின்றார். காளியப்பன் தள்ளுவண்டியை நகர்த்தச் சொன்னபோது, வியாபாரம் மலையோடதானே என்று அங்கேயே அடுப்பைப் பற்றவைத்தார். மலையடிப்பட்டிக்காரர்கள் விடியும் முன்பே ஊருக்குப் போய், வெளிறிய வட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருப்பதாக சுலோச்சனா போனில் சொன்னார். நீல வீட்டின் வாசலில் மாதேஸ்வரன் நாற்காலியில், இந்த முறை நேராக உட்கார்ந்திருந்தான். கோகிலவாணி வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். அகல லென்ஸில், அனுப்புவதற்கு முன்பே அவள் சின்னவளாகத் தெரிந்தாள். பித்தானின் மேல் விரலை வைத்தார், எடுத்தார். மறுபடியும் வைத்தார். பின்னால் யாரோ இருமினார்கள். அவர் நிமிர்ந்தார். லென்ஸைத் துடைக்கவில்லை, வளையத்தையும் திருப்பவில்லை. மரகதத்தைக் கூப்பிட்டு, அவள் விரலைப் பிடித்துப் பித்தானின் மேல் வைத்தார். மெதுவா அழுத்து, ஆடக்கூடாது என்றார். பிறகு செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு சாலையை விட்டு இறங்கி, கேமராவுக்கு முன்னால் நடந்தார்.

ஊர் அவரைக் கூப்பிடவில்லை. மரகதம் குனிந்து, ஸ்டுடியோவில் எத்தனையோ பேரைப் பார்த்த அந்தக் கண்ணால் பார்த்தாள். அவர் அடிவாரத்தைத் தாண்டி, நீல வீட்டு வாசலுக்குப் போய், எங்கே நிற்பது என்று தெரியாமல் மாதேஸ்வரனுக்குப் பக்கத்தில் நின்றார். மாதேஸ்வரன் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தான். அவர் உட்காரவில்லை. கோகிலவாணி வாசல்நிலையிலிருந்து நகர்ந்து அண்ணனின் மறுபக்கம் வந்து நின்றாள். மரகதம், தாடையைக் கொஞ்சம் இறக்குங்க என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அழுத்தினாள்.

மலை போனது. சத்தம் இல்லை. வெயில் ஒரேயடியாக வந்து ஊர்மேல் விழுந்தது, எல்லோரும் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். பொறம்போக்கில் ஈர மண்ணும் சில வாழைப்பழத் தோல்களும் கிடந்தன. தூரத்தில் வானத்தின் ஓரத்தில் கவிழ்த்து வைத்த கூடை நீலமாகத் தெரிந்தது. முன்பிருந்த இடத்தைவிடக் கொஞ்சம் இந்தப் பக்கமாகத் தெரிகிறது என்று சிலர் சொன்னார்கள், வேறு சிலர் இல்லை என்றார்கள். பெண்கள் ஜவ்வரிசியை அள்ளிக்கொண்டு பழைய களத்துக்குப் போனார்கள்.

மரகதம் ஸ்டுடியோவைத் திறந்து, அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கிற ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் படம் எடுத்து முடித்துவிட்டு, உச்சிப்பொழுதில் அவருக்குப் போன் செய்தாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டாள். மலை நல்லா உக்காந்திருச்சு, ஏரிக்கரை ஓரமா ஒரு பாறைதான் கொஞ்சம் உருண்டிருக்குது, யாருக்கும் அடியில்லை, காளியப்பன் டீக்கு இங்கே கூட்டம் அதிகம் என்று தெய்வசிகாமணி ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்னால் ஏதோ லொடலொடவென்று சத்தம் கேட்டது. எங்க இருக்கறீங்க என்று மரகதம் கேட்டாள்.

"கோகிலா ஊட்லதான். ஊடு இறங்குன வேகத்துல ஓடு கொஞ்சம் சரிஞ்சு போச்சு. மாப்ள மேல ஏறியிருக்கறாரு, நான் கீழ நின்னு ஓடு எடுத்துக் குடுத்துட்டு இருக்கறேன். அப்பறமாக் கூப்படறேன், ஒரு கையில புடிச்சா நழுவுது."